கட்டற்ற மென்பொருளின் கதை – 11: நகலுக்கு என்ன விலை?

கட்டற்ற மென்பொருள் உரிமங்களில் மிகப் பரவலானவற்றுள் ஒன்று ஜிபிஎல் எனப்படும் குனு பொது உரிமம். அதன் இரண்டாம் பதிப்பு 1991 ஜூனில் வந்தது. லினக்ஸ் கெர்னல் இன்றுவரை அந்தப் பதிப்பின் கீழ்தான் இருக்கிறது. மென்பொருளை விற்கக் கூடாது என்று அந்த உரிமம் எங்கும் சொல்லவில்லை. நகலைக் கையில் கொண்டுசேர்க்கும் வேலைக்குக் கட்டணம் வாங்கலாம், விரும்பினால் உத்தரவாதம் கொடுத்து அதற்கும் பணம் வாங்கலாம் என்று அதன் முதல் பிரிவே அனுமதிக்கிறது. கட்டணம் இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் கிடையாது.

கட்டுப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது. இயங்குநிரலைக் கொடுப்பவர் மூலநிரலையும் கொடுத்தாக வேண்டும். கையோடு கொடுக்காமல், கேட்டால் தருவதாக எழுதிக் கொடுத்தால், அந்த வாக்கு குறைந்தது 3 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாக வேண்டும். அனுப்பும் செலவுக்கு மேல் ஒரு காசும் வாங்கக் கூடாது. பெற்றவர் அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அந்த உரிமையின் மேல் விற்றவர் கூடுதலாக எந்தத் தடையும் போட முடியாது என்கிறது ஆறாம் பிரிவு. இன்னொன்றும் உண்டு, இந்தக் கதையின் பின்பகுதிக்கு அது மிகவும் தேவைப்படும்: மூலநிரலையும் சேர்த்தே கொடுத்துவிட்டால் கொடுத்தவரின் கடமை அத்தோடு முடிந்தது. எதையும் வாங்காத மூன்றாம் ஆளுக்கு அவர் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை.

ஆக, முதல் நகலை ஆயிரம் டாலருக்கும் விற்கலாம். வாங்கியவர் மறுநாளே அதை ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்தால் தடுக்க வழியில்லை. கட்டற்ற மென்பொருளைக் கொண்டு தொழில் நடத்த வந்த எல்லா நிறுவனங்களும் இந்த ஒரே நெருக்கடிக்குத்தான் விடை தேடின. நகலெடுக்க முடியாதது எது என்று பார்த்து அதற்கு விலை வைத்தன. நாற்பது ஆண்டுகளில் அந்த விடை நாடா, தகடு, பெயர், காலம் என்று மாறி, கடைசியில் மூலநிரலை எட்டும் வழிக்கே வந்து சேர்ந்தது.

அஞ்சலில் போன நாடா

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1984 ஜனவரியில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பார்த்துவந்த வேலையை விட்டார். தாம் எழுதப்போகும் குனு மென்பொருளுக்குப் பல்கலைக்கழகம் சொந்தம் கொண்டாட இடம் கொடுக்கக் கூடாது என்பதே காரணம். சம்பளம் நின்றுபோனது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் குனு ஈமாக்ஸ் என்ற எடிட்டர் பிறர் பயன்படுத்தும் நிலைக்கு வந்தது. எம்ஐடியின் கணினி ஒன்றில் அதைப் போட்டு, எஃப்டிபி வழியாக யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள விட்டார். ஆனால் அன்றைக்கு அப்படி எடுக்கத்தக்க வலைத்தொடர்பு சில பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் மட்டுமே இருந்தது. தொடர்பு இல்லாதவர்கள், எங்களுக்கு எப்படிக் கிடைக்கும் என்று கேட்டார்கள். 150 டாலர் அனுப்பினால் காந்த நாடாவில் பதிந்து அஞ்சலில் அனுப்புவதாக ஸ்டால்மன் அறிவித்தார். அந்த ஆண்டின் நடுப்பகுதியில் மாதத்துக்கு எட்டுப் பத்து ஆர்டர்கள் வந்தன. சிக்கனமாக வாழ்ந்த ஒரு மனிதருக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்தச் சிறு வியாபாரத்தில் பணம் எதற்கு வாங்கப்படுகிறது என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. எடுக்க வழி இருந்தவர் சும்மா எடுத்துக்கொண்டார். வழி இல்லாதவர் வீடு தேடி வரும் நாடாவுக்குக் காசு கொடுத்தார். மென்பொருள் இருவருக்கும் ஒன்றுதான், உரிமையும் ஒன்றுதான். பின்னாளில் வந்த எந்த ஏற்பாட்டிலும் இந்தத் தெளிவு இல்லை.

1985 அக்டோபரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டதும் நாடா விற்பனை அதன் கைக்குப் போனது. அறக்கட்டளையின் வருமானத்தில் பெரும்பகுதி நன்கொடையைவிட இத்தகைய விற்பனையிலிருந்தே வந்தது. நாடாக்கள், அச்சிட்ட கையேடுகள் ஆகியவற்றோடு 'டீலக்ஸ்' என்று ஒரு தொகுப்பும் இருந்தது: விலை 5000 டாலர். வாங்குபவர் சொல்லும் கணினி வகைக்கு ஏற்றபடி குனு மென்பொருள் அனைத்தையும் கம்பைல் செய்து, உடனே ஓடும் நிலையில் கொடுப்பார்கள். உள்ளே இருந்த நிரல்கள் எல்லாம் வெளியே இலவசமாகக் கிடைத்தவைதான். கம்பைல் செய்ய ஆள் வைத்துக்கொள்ளும் செலவோடு ஒப்பிட்டால் 5000 டாலர் குறைவு என்று கருதிய நிறுவனங்களுக்காகவே அது இருந்தது. கட்டற்ற மென்பொருளை விற்பவர் தம்மால் இயன்ற அளவு விலை வைத்து, அந்தப் பணத்தைக் கொண்டு மேலும் எழுத வேண்டும் என்றுதான் ஸ்டால்மன் இன்றுவரை வலியுறுத்திவருகிறார். கட்டற்ற மென்பொருள்காரர்கள் வணிகத்துக்கு எதிரிகள் என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியதோ, தொடக்கக் கணக்கேடுகளிலிருந்து கிளம்பவில்லை.

1989இல் இன்னொரு கிளை முளைத்தது. மைக்கேல் டீமன், ஜான் கில்மோர், டேவிட் ஹெங்கல்-வாலஸ் மூவரும் 6000 டாலர் முதலீட்டில் சிக்னஸ் சப்போர்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இவர்கள் நகலுக்கு விலையே வைக்கவில்லை. குனு கம்பைலரைப் புதுப்புதுச் சில்லுகளுக்குப் பொருத்திக் கொடுப்பதும் கோளாறு வந்தால் சரிசெய்வதும்தான் தொழில். கம்பைலரை எழுதியவர்களின் தலைக்குள் இருந்த அறிவை யாரும் நகலெடுக்க முடியாது என்பது அவர்கள் கண்ட விடை. பத்து ஆண்டுகள் கழித்து, 1999 நவம்பரில், ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனம் அதை 67 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள தன் பங்குகளைக் கொடுத்து வாங்கியது.

பிளாப்பியும் குறுந்தகடும்

லினக்ஸ் பிறந்தபோது நிலைமை நேர்மாறாக இருந்தது. 1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் பதிப்பின் உரிமத்தில், இதை விநியோகிக்கப் பணம் வாங்கக் கூடாது, கைச்செலவுக்குக்கூட வாங்கக் கூடாது என்று இருந்தது. சில மாதங்களுக்குள் அந்த நிபந்தனை இடித்தது. பயனர் குழுக்களில் பிளாப்பிகளில் நகலெடுத்துக் கொடுக்க முன்வந்தவர்களுக்கு, பிளாப்பி விலையையும் செலவழித்த நேரத்தையும் ஈடுகட்டும் அளவுக்காவது பணம் தேவைப்பட்டது. 1992 பிப்ரவரி 1 முதல் கெர்னலை ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றுவதாக டோர்வால்ட்ஸ் அறிவித்தார். தாம் செய்தவற்றுள் மிக நல்ல காரியம் அதுதான் என்று பின்னாளில் அவரே சொன்னார். அந்த மாற்றம் இல்லையென்றால் இந்த அத்தியாயத்தில் இனி வரும் லினக்ஸ் தொழில் எதுவும் இருந்திருக்காது.

கெர்னல் மட்டும் கையில் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஷெல், கம்பைலர், எடிட்டர், வலைத்தொடர்புக் கருவிகள் என்று நூற்றுக்கணக்கான பொதிகளைச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி கட்டினால்தான் முழு இயங்குதளம். இப்படிக் கட்டித் தருவதையே 'வழங்கல்' என்கிறார்கள். பாட்ரிக் வோல்கர்டிங் 1993 ஜூலையில் வெளியிட்ட ஸ்லாக்வேர் 24 பிளாப்பிகளாக வந்தது. ஒவ்வொன்றிலும் 1.44 மெகாபைட். மோடம் வழியாக ஒவ்வொரு பிளாப்பியின் பிம்பத்தையும் இறக்கி, வெற்றுப் பிளாப்பியில் எழுதி, வரிசையாகக் கணினிக்குள் செலுத்த வேண்டும். நடுவில் ஒன்று படிக்காமல் போனால் அதைத் திரும்ப இறக்க வேண்டும்.

ஒரு குறுந்தகட்டில் 650 மெகாபைட் அடங்கும். கலிஃபோர்னியாவில் பாப் புரூஸ் 1991இல் தொடங்கிய வால்நட் கிரீக் சிடிராம் நிறுவனம் இந்த வித்தியாசத்தில் தொழிலைக் கண்டது. எஃப்டிபி களஞ்சியங்களில் இலவசமாகக் கிடந்தவற்றைத் தகடுகளில் அச்சிட்டு அஞ்சலில் விற்றது. ஸ்லாக்வேரின் அதிகாரபூர்வத் தகட்டையும் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு கட்டற்ற இயங்குதளத்தின் தகட்டையும் அதுதான் வெளியிட்டது. அதே நிறுவனம் நடத்திய எஃப்டிபி சர்வரில் அதே மென்பொருள் காசில்லாமலும் கிடைத்தது. இரண்டையும் ஒரே நிறுவனம் ஒளிவுமறைவு இல்லாமல் செய்தது என்பது கவனிக்கத்தக்கது.

இந்தியாவில் விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. தொலைபேசி இணைப்பில் ஒரு முழுக் குறுந்தகட்டை இறக்குவது பல நாள் வேலை, கட்டணமும் தாங்காது. அதனால் இங்கே லினக்ஸைப் பரப்பியவை பெரும்பாலும் கணினி இதழ்கள். பிசிக்வெஸ்ட் இதழ் 1990களின் பிற்பாதியிலிருந்து லினக்ஸ் தகடுகளை இதழோடு சேர்த்துக் கொடுத்தது. பிற்பாடு தன் பெயரிலேயே பிசிக்யூலினக்ஸ் என்று தொகுத்தது. இதழ் விலைக்குள் தகடு வந்துவிடும். ஒரு பிரதியை வாங்கியவரிடமிருந்து விடுதி முழுக்க நகல் போகும். ஜிபிஎல் எதிர்பார்த்த விநியோகம் இதுதான்.

ஐம்பது டாலர் பெட்டி

மார்க் யூயிங் அமெரிக்காவின் வட கரோலினாவில் 1994 இறுதியில் ரெட் ஹேட் லினக்ஸை வெளியிட்டார். பாப் யங் என்ற கனடாக்காரர் யூனிக்ஸ், லினக்ஸ் தொடர்பான பொருள்களை அஞ்சல்வழியாக விற்றுக்கொண்டிருந்தார். 1995இல் இருவரும் சேர்ந்தார்கள். 1990களின் பிற்பாதியில் கடைகளில் ரெட் ஹேட் பெட்டி 49.95 டாலருக்கு விற்றது: தகடுகள், அச்சிட்ட கையேடு, நிறுவும்போது உதவி. உள்ளே இருந்த மென்பொருளை இணையத்தில் இலவசமாக இறக்கலாம். சீப்பைட்ஸ் என்ற அஞ்சல்வழி நிறுவனமோ அதையே வெறும் தகடாக 1.99 டாலருக்கு விற்றது. கையேடு இல்லை, உதவி இல்லை, ஆனால் தகட்டில் இருந்தது பெரும்பாலும் அதேதான்.

25 மடங்கு விலை வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ரெட் ஹேட் எப்படிப் பிழைத்தது? யங் இதற்குக் கூறிய விளக்கம் பிரபலமானது. தக்காளி கெச்சப்பை யார் வேண்டுமானாலும் சமையலறையில் செய்துகொள்ளலாம். ஆனாலும் அமெரிக்கர்கள் ஹைன்ஸ் புட்டியைத்தான் வாங்குகிறார்கள். விற்பனையாவது பெயர். ரெட் ஹேட் என்ற பெயரைக் கேட்டதும் தரமும் நம்பகமும் நினைவுக்கு வந்தால் போதும், தகட்டை யார் நகலெடுத்தாலும் கவலையில்லை என்பது அவர் கணக்கு.

நிரலுக்கு ஜிபிஎல், பெயருக்கு வர்த்தக முத்திரைச் சட்டம். ஜிபிஎல் நகலெடுக்கும் உரிமையைத் தருகிறது, பெயரைத் தருவதில்லை. பிறர் விற்கும் தகடுகளில் ரெட் ஹேட் என்ற பெயர் இருக்கக் கூடாது என்று நிறுவனம் நெருக்கத் தொடங்கியதும், சீப்பைட்ஸ் அதே தகட்டை 'பிங்க் டை' என்ற பெயரில் விற்றது. சிவப்புத் தொப்பி இளஞ்சிவப்புக் கழுத்துப்பட்டை ஆனது. வாங்குபவர்களுக்கு எது என்னவென்று தெரிந்தே இருந்தது.

1999 ஆகஸ்ட் 11 அன்று ரெட் ஹேட் பங்குச்சந்தைக்கு வந்தது. 14 டாலருக்கு வெளியிட்ட பங்கு அன்று மாலை 52 டாலரில் நின்றது. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை விற்கும் நிறுவனத்துக்குச் சந்தை கொடுத்த அந்த மதிப்புக்கு ஈடான வருமானம் பெட்டியில் இல்லை. அகலக்கற்றை இணைப்புகளும் தகடு எழுதும் கருவிகளும் பரவியபோது பெட்டியின் தேவையே குறைந்தது. ஒரு பெட்டியை வாங்கி நூறு சர்வர்களில் நிறுவினாலும் ரெட் ஹேட்டுக்கு வருவது ஒரு பெட்டியின் காசு. நூறு சர்வர் வைத்திருந்த வங்கிக்கும் வேறொரு குறை இருந்தது: ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வந்துகொண்டிருந்தது. தரவுத்தள நிறுவனங்களும் வன்பொருள் நிறுவனங்களும் ஒரு பதிப்பைச் சோதித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

காலத்துக்கு விலை

2002 மார்ச்சில் ரெட் ஹேட் அட்வான்ஸ்ட் சர்வர் 2.1 வெளிவந்தது, அடுத்த ஆண்டு அந்த வரிசைக்கு ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் என்று பெயர் நிலைத்தது. சுருக்கமாக ஆர்ஹெல். கட்டணமுறை அடியோடு மாறியது. இது ஆண்டுச் சந்தா, அதுவும் கணினிக்கு ஒன்று. சிறிய சர்வர்களுக்கான பதிப்பு ஆண்டுக்கு 349 டாலரில் தொடங்கியது. பெரிய சர்வர்களுக்கு, நாள் முழுதும் உதவியோடு, 2499 டாலர் வரை போனது.

சந்தாதாரருக்குக் கிடைத்தது என்ன? சோதித்துக் கட்டிய இயங்குநிரல்கள். ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டவுடன் அதை அடைத்த புதுப்பொதி. ஆரக்கிள், எஸ்ஏபி போன்றவை இந்தப் பதிப்பில் ஓடும் என்ற சான்று. எல்லாவற்றுக்கும் மேல், பல ஆண்டுகளுக்கு எதுவும் மாறாது என்ற வாக்கு. முதலில் 5 ஆண்டு, பிறகு 7, 2012இல் 10 ஆண்டு என்று அந்த வாக்கு நீண்டது. பத்தாண்டுகளுக்குப் பழைய கெர்னலை அப்படியே வைத்துக்கொண்டு, புதிய கெர்னலில் வந்த திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பொருத்துவது அலுப்பான, கடினமான வேலை. தன்னார்வலர் யாரும் விரும்பிச் செய்யாத வேலை. அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருப்பதுதான் ரெட் ஹேட்டின் சரக்கு. இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

பழைய ரெட் ஹேட் லினக்ஸ் 9ஆம் பதிப்போடு நிறுத்தப்பட்டது. 2004 ஏப்ரல் 30க்குப் பிறகு அதற்குத் திருத்தங்கள் இல்லை. புதியதை விரும்புவோருக்கு ஃபெடோரா என்ற வழங்கல் வந்தது, அதுவும் ஓராண்டு சொச்சத்தில் காலாவதியாகும். இலவசமும் வேண்டும், நிலைத்தும் நிற்க வேண்டும் என்றிருந்த கல்லூரிகள், சிறு நிறுவனங்கள், நூலகங்கள் நடுத்தெருவில் விடப்பட்டன.

சந்தா ஒப்பந்தத்தில்தான் இந்த வரலாற்றின் முடிச்சு இருக்கிறது. ஜிபிஎல் தரும் எந்த உரிமையையும் இந்த ஒப்பந்தம் குறைக்கவில்லை என்று அது சொல்கிறது. அதேசமயம், நிறுவியிருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் சந்தா கட்ட வேண்டும், சந்தா வழியாகக் கிடைப்பதைச் சந்தா இல்லாத பிறருக்குப் பயன்படும்படி கொடுத்தால் சந்தா ரத்தாகலாம் என்றும் சொல்கிறது. நகல் கொடுப்பது உங்கள் உரிமை. அடுத்த திருத்தம் உங்களுக்குக் கிடைக்குமா என்பது எங்கள் விருப்பம். கையில் இருக்கும் நிரலை உரிமம் காக்கிறது. நாளை வரப்போகும் நிரலைப் பற்றி உரிமத்தில் ஒரு சொல்லும் இல்லை.

நாளைய நிரலுக்கு இப்படி விலை வைத்ததில் ரெட் ஹேட் முதலாவது அல்ல. பீட்டர் டாய்ச் எழுதிய கோஸ்ட்ஸ்கிரிப்ட், போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்புகளைத் திரையிலும் அச்சுப்பொறியிலும் காட்டும் நிரல். 1990களில் அதன் புதிய பதிப்பு, வணிகவிநியோகத்தைத் தடைசெய்யும் அலாடின் உரிமத்தில் வரும். ஏறத்தாழ ஓராண்டு கழித்துப் பழையதாகிப்போன பதிப்பு ஜிபிஎல் உரிமத்தில் வரும். அச்சுப்பொறி நிறுவனங்கள் காத்திருக்க முடியாமல் பணம் கட்டின. அங்கே குறைந்தபட்சம், இன்று மூடியிருப்பது எப்போது திறக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு நூலகத்தின் மறுகட்டுமானம்

ரெட் ஹேட் இயங்குநிரல்களைச் சந்தாதாரருக்கு மட்டும் கொடுத்தது. மூலநிரல் பொதிகளையோ தன் எஃப்டிபி சர்வரில் உலகத்துக்கே திறந்து வைத்தது. உரிமம் கேட்டதைவிட இது அதிகம். வாங்கியவர்களுக்கு மட்டும் கொடுத்திருந்தாலே போதும். ஜிபிஎல் அல்லாத பல பொதிகளுக்கு அதுகூடத் தேவையில்லை.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் டிரிடர் என்ற சிற்றூர். அங்குள்ள போரகார்ட் வட்டாரப் பொது நூலகத்தின் கணினிகள் ரெட் ஹேட் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தன. கணினிக்கு ஒரு சந்தா கட்டும் நிலையில் ஒரு பொது நூலகம் இல்லை. நூலகத்தின் ஆதரவோடு, அந்த எஃப்டிபி சர்வரிலிருந்து ஆர்ஹெல் மூலநிரல்களை இறக்கி, திரும்பக் கம்பைல் செய்து, ஒயிட் பாக்ஸ் என்டர்பிரைஸ் லினக்ஸ் என்று வெளியிட்டார்கள். செய்யவேண்டிய மாற்றம் முக்கியமாக ஒன்றுதான்: பெயரையும் சின்னத்தையும் எடுப்பது. தொப்பிப் படங்கள் எல்லாம் ரெட்ஹேட்-லோகோஸ் என்ற ஒரு பொதிக்குள் இருந்தன. அந்தப் பொதிக்குப் பதில் சொந்தப் படங்கள் கொண்ட பொதியை வைத்து, நிறுவும் திரைகளில் வரும் பெயரை மாற்றி, மீதியை அப்படியே கட்டி, சொந்தச் சாவியால் கையொப்பமிட்டால் புதிய வழங்கல் தயார். ஆர்ஹெல்லில் ஓடுவது அதிலும் ஓடும். ஒரு சிற்றூர் நூலகம் தன் தேவைக்காக ஓர் இயங்குதளத்தையே கட்டிக்கொண்டு அதை உலகத்துக்கும் கொடுத்தது. ஜிபிஎல் எதற்காக எழுதப்பட்டதோ அதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

2004இல் அதே வழியில் சென்ட் ஓஎஸ் வந்தது. அமெரிக்காவின் ஃபெர்மிலாப், ஐரோப்பாவின் செர்ன் ஆகிய இயற்பியல் ஆய்வகங்களிலிருந்து சயன்டிஃபிக் லினக்ஸ் வந்தது. சென்ட் ஓஎஸ் தளத்தில் ரெட் ஹேட் பெயர் இருப்பதற்கு 2005இல் வழக்கறிஞர் கடிதம் போனது. அதன்பின் தாங்கள் எந்த மூலநிரலைத் திரும்பக் கட்டுகிறோம் என்பதை, வட அமெரிக்காவின் முக்கியமான என்டர்பிரைஸ் லினக்ஸ் நிறுவனம் என்று சுற்றிவளைத்துச் சொல்லவேண்டி வந்தது. ஆனாலும் சென்ட் ஓஎஸ் வளர்ந்தது. வலைத்தள வாடகை நிறுவனங்கள், பல்கலைக்கழகக் கணினிக்கூடங்கள், சென்னை பெங்களூர் மென்பொருள் நிறுவனங்களின் சோதனைச் சர்வர்கள் எல்லாம் அதில் ஓடின. அதில் பழகியவர்கள் பெரிய நிறுவனங்களுக்குப் போனபோது ஆர்ஹெல் சந்தாவைத்தான் பரிந்துரைத்தார்கள். ரெட் ஹேட்டுக்குக் கிடைத்த இந்த ஆதாயத்தை எந்தக் கணக்கேடும் காட்டாது.

உறுத்தியது வேறொரு போட்டி. 2006 அக்டோபர் 25 அன்று ஆரக்கிளின் லாரி எலிசன், ரெட் ஹேட்டின் அதே மூலநிரலைக் கட்டி அதற்குப் பாதி விலையில் ஆதரவு தருவதாக அறிவித்தார். ரெட் ஹேட் பங்கு அடுத்த நாளே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வீழ்ந்தது. நூலகம் செய்ததும் ஆரக்கிள் செய்ததும் உரிமத்தின் கண்ணில் ஒன்றே. தேவைக்காகக் கட்டிக்கொள்பவரையும் போட்டிக்காகக் கட்டுபவரையும் பிரித்துப் பார்க்க ஜிபிஎல்லில் வழியில்லை. பின்னால் நடந்தவை பெரிய போட்டியாளரைக் குறிவைத்துச் செய்யப்பட்டு, சிறிய பயனர்மேல் விழுந்தவை.

2010இல் ஆர்ஹெல் 6 கெர்னலின் மூலநிரல் வந்தபோது அதன் வடிவம் மாறியிருந்தது. அதுவரை மூலக் கெர்னல் தனியாகவும், ரெட் ஹேட் செய்த ஒவ்வொரு திருத்தமும் தனித்தனிப் பேட்சாகவும் வரும். எந்த வரி எந்தக் கோளாறுக்காக மாறியது என்று படித்துத் தெரிந்துகொள்ளலாம். இப்போது எல்லாவற்றையும் கலந்து ஒரே மூட்டையாகக் கொடுத்தார்கள். கம்பைல் செய்பவருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை; திருத்தத்தைப் புரிந்துகொண்டு ஆதரவு விற்க முனைபவருக்குத்தான் இடைஞ்சல். மறுகட்டுமானக்காரரை விட்டுவிட்டு ஆரக்கிளை மட்டும் தடுக்கும் நுட்பமான ஏற்பாடு அது. ஆனால் அந்த பேட்சுகளைப் படித்துக் கற்றுக்கொண்டிருந்த மற்ற கெர்னல் நிரலாளர்களுக்கும் வாசல் மூடியது. 2012 பிப்ரவரியோடு முடிந்த நிதியாண்டில் ரெட் ஹேட்டின் வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டியது. கட்டற்ற மென்பொருளை மட்டும் நம்பிய நிறுவனம் ஒன்று அந்த எல்லையைத் தொட்டது அதுவே முதல் முறை.

இலவசத் தகட்டிலிருந்து உபுண்டு புரோ வரை

இதே காலத்தில் மார்க் ஷட்டில்வொர்த்தின் கனானிகல் நிறுவனம் எதிர்த்திசையில் நடந்தது. அதன் உபுண்டு வழங்கலுக்கான ஷிப்இட் திட்டத்தில் உலகின் எந்த முகவரிக்கும் தகடு இலவசம், அஞ்சல் செலவும் இலவசம். தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர் பலர் முதன்முதலில் தொட்ட லினக்ஸ் அந்த உறைக்குள்தான் வந்தது. 2011இல் திட்டம் நிறுத்தப்பட்டது. பின்னாளில் கனானிகலும் காலத்துக்கு விலை வைக்கும் வழிக்கே வந்தது: நீண்டகாலப் பதிப்புகளுக்கு 5 ஆண்டுத் திருத்தம் எல்லோருக்கும், அதை 10 ஆண்டாக நீட்டும் உபுண்டு புரோ சந்தா 2023 ஜனவரியில் பொதுவிற்பனைக்கு வந்தது. தனிநபர் 5 கணினிகள் வரை அதையும் காசில்லாமல் பெறலாம்.

மூலநிரலின் வாசல்

நகலை மறுபகிர்வு செய்தால் அடுத்த பதிப்பு இல்லை என்ற ஒப்பந்தமுறையை மிகக் கடுமையாகக் கடைப்பிடித்தது ஜிஆர்செக்யூரிட்டி என்ற கெர்னல் பாதுகாப்பு பேட்ச். 2015இல் அதன் நிலைத்த பதிப்புகளும் 2017 ஏப்ரலில் மற்றவையும் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் என்று ஆயின. அந்த ஒப்பந்தம் ஜிபிஎல்லை மீறுகிறது என்று நிரலாளர் புரூஸ் பெரன்ஸ் எழுதினார். பேட்சை விற்ற நிறுவனம் அவர்மேல் அவதூறு வழக்குத் தொடுத்தது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பெரன்ஸ் எழுதியது அவர் கருத்து, அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பதே தீர்ப்பு. ஒப்பந்தம் ஜிபிஎல்லுக்கு உடன்பட்டதா என்ற கேள்வியை நீதிமன்றம் தீர்க்கவில்லை.

2014 ஜனவரியில் ரெட் ஹேட் சென்ட் ஓஎஸ் குழுவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டே ஆர்ஹெல் 7இன் மூலநிரல்கள் பழைய எஃப்டிபி சர்வரில் வருவது நின்று, சென்ட் ஓஎஸ்ஸின் கிட் களஞ்சியத்தில் வரத் தொடங்கின. 2018 அக்டோபரில் ரெட் ஹேட்டை 3400 கோடி டாலருக்கு வாங்குவதாக ஐபிஎம் அறிவித்தது. 2019 ஜூலையில் அது நிறைவேறியது. 2020 டிசம்பர் 8 அன்று, சென்ட் ஓஎஸ் 8 அடுத்த ஆண்டுக் கடைசியோடு முடியும் என்று அறிவிப்பு வந்தது. அந்தப் பதிப்புக்கு 2029 வரை திருத்தம் வரும் என்று நம்பித்தான் பலர் நிறுவியிருந்தார்கள். ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஒரே அறிவிப்பில் போயின. இனி ஆர்ஹெல்லுக்குச் சற்று முன்னால் ஓடும் சென்ட் ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டும்தான். சில வாரங்களில், 16 கணினிகள் வரை ஆர்ஹெல்லை இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற சலுகை வந்தது. அது சிறியவர்களுக்கு உதவியது என்றாலும், கொடுத்த வாக்கை மீறியதற்கு ஈடாகவில்லை. சென்ட் ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்ஸர் ராக்கி லினக்ஸைத் தொடங்கினார்; கிளவுட்லினக்ஸ் நிறுவனத்தின் முயற்சியில் அல்மாலினக்ஸ் வந்தது. இரண்டும் கிட் களஞ்சியத்து மூலநிரலைத்தான் நம்பியிருந்தன.

2023 ஜூன் 21 அன்று அந்தக் களஞ்சியமும் நின்றது. ஆர்ஹெல் தொடர்பாக இனி பொதுவில் கிடைக்கும் மூலநிரல் சென்ட் ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டுமே. வெளியிடப்பட்ட ஆர்ஹெல் பொதிகளின் மூலநிரல் வாடிக்கையாளர் தளத்துக்குள், கணக்கு வைத்திருப்பவர்களுக்கு. உரிமம் கேட்பது இவ்வளவுதான் என்பது ரெட் ஹேட்டின் நிலை. எதையும் சேர்க்காமல் திரும்பக் கட்டி மட்டும் கொடுப்பவர்கள் கட்டற்ற மென்பொருள் நிறுவனங்களுக்கே ஆபத்து என்றும் அது எழுதியது. எழுத்தின்படி இதை மறுப்பது கடினம். ஆனால் ரெட் ஹேட் விற்கும் பொதிகளில் மிகப் பெரும்பாலானவை பிறர் எழுதி, யாரும் திரும்பக் கட்டிக் கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு அதன் கைக்கு வந்தவை. தான் பெற்றதை அதே நிபந்தனையில் பிறர் பெறுவதை ஆபத்து என்று சொல்வதை, அந்த நிரல்களை எழுதியவர்கள் ஏற்கவில்லை என்றால் வியப்பதற்கில்லை. மென்பொருள் சுதந்திரப் பாதுகாவலர் அமைப்பு, இருபது ஆண்டுகளாக உரிமத்தின் விளிம்பில் நடந்துவந்த ஏற்பாட்டின் தொடர்ச்சி இது என்று விரிவாக எழுதியது.

மறுகட்டுமானக்காரர்கள் வேறுவேறு வழிகளில் போனார்கள். அல்மாலினக்ஸ் ஜூலையில், ஆர்ஹெல்லோடு வரிக்கு வரி ஒத்திருப்பதைக் கைவிட்டு, ஆர்ஹெல்லில் ஓடும் நிரல்கள் ஓடினால் போதும் என்ற நிலைக்கு வந்தது. ராக்கி லினக்ஸ் வேறு வாசல்களைக் கண்டது: ரெட் ஹேட் யாருக்கும் தரும் கண்டெய்னர் பிம்பங்கள் ஒன்று, மேகக் கணிமைச் சேவைகளில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஆர்ஹெல் சர்வர்கள் இன்னொன்று. வாடகைக்கு எடுத்தவருக்கும் இயங்குநிரல் கைக்கு வந்துவிடுகிறது. அப்படி வந்தவருக்கு மூலநிரலைக் கொடுத்தாக வேண்டும். ஒரு சர்வரைச் சிறிது நேரம் ஓட்டி, மூலநிரல் பொதிகளை இறக்கிக்கொண்டு, சர்வரை நிறுத்திவிடலாம்.

ஜூலை 11 அன்று இன்னொரு லினக்ஸ் நிறுவனமான சூசே, ஆர்ஹெல்லிலிருந்து பிரித்த தனி வழங்கலை உருவாக்க ஒரு கோடி டாலருக்கு மேல் முதலீடு செய்வதாக அறிவித்தது. ஆகஸ்ட் 10 அன்று ஆரக்கிள், சூசே, ராக்கி லினக்ஸுக்குப் பின்னால் இருக்கும் சிஐக்யூ ஆகிய மூன்றும் ஓப்பன்ஈஎல்ஏ என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, நவம்பரில் மூலநிரல்களைப் பொதுவில் வைத்தன. அங்கே எடுக்கக் கணக்கும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். 2024 ஜூன் 30 அன்று சென்ட் ஓஎஸ் 7க்கும் திருத்தங்கள் நின்றன. அதை ஓட்டிக்கொண்டிருந்த சர்வர்களை உடனே மாற்ற முடியாத நிறுவனங்களுக்கு, அதே சூசேயும் சிஐக்யூவும் நீட்டிப்புத் திருத்தங்களை ஆண்டுச் சந்தாவில் விற்கத் தொடங்கின.